ஷஹாத்தாவுக்குக் கைதட்டினோம்

இது யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், மணி இரண்டேகாலுக்கு நடந்தது. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இதைப் படித்துவிட்டு மத்தியானத்துக்கும் பயப்பட ஆரம்பித்தால் நான் பொறுப்பில்லை.

என் பெயர் வஜ்தி. அம்மான் நகரத்தை அடுத்த ஸர்காவில், தொழிற்பேட்டைக்குப் பின்னால், பழைய டயர் கடைகளை ஒட்டி ஒரு ஷெட் இருந்தது. அபூ ஹாதிம் என்பவருடைய கம்பளம் கழுவும் ஷெட். அங்கே ஐந்து வருஷம் வேலை பார்த்தேன்.

ஏப்ரல் பிறந்தால் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கம்பளத்தைச் சுருட்டிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க மிதித்த அழுக்கு, ஹீட்டர் புகை, பிள்ளைகள் கொட்டிய டீ, எல்லாம் எங்களிடம்தான் வரும். ஒரு நாளைக்கு நூறு, நூற்றிருபது கம்பளம். நடுத்தரையில் தண்ணீர் வடியும் ஓட்டையில் பழந்துணியை அடைத்துவிடுவோம். அப்போதுதான் சோப்புத் தண்ணீர் வீணாகாது. ஷெட்டுக்குள் எப்போதும் மூன்று விரல்கடை தண்ணீர் நிற்கும்.

அந்தத் தண்ணீருக்குள்தான் தேய்ப்பு மிஷின் ஓடும். கீழே ரொட்டிக்கல் அகலத்துக்கு வட்டமான பிரஷ். அதற்கு மேலே மோட்டார். பிடித்துத் தள்ள நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புக் கைப்பிடி. கைப்பிடியில் இருந்த ரப்பர் உறை நான் வேலைக்குச் சேரும் முன்பே போய்விட்டது. வயரில் நாலு இடத்தில் கறுப்பு டேப். பிளக்கில் எர்த் பின் இல்லை. சுவரில் இருந்தது இரண்டு ஓட்டை சாக்கெட். அதனால் மூன்றாவது பின்னை அபூ ஹாதிமே குறடால் முறித்துப் போட்டார்.

எங்களைக் காப்பாற்ற ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சுவரில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் டிரிப் சுவிட்ச். கரண்ட் எங்காவது கசிந்தால் 'டக்' என்று தானே விழுந்து லைனைத் துண்டித்துவிடும். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அதுதான் அபூ ஹாதிமுக்குப் பொறுக்கவில்லை.

"இந்தச் சனியன் இன்னிக்கு மட்டும் பதினோரு தடவ விழுந்திருக்கு. நான் கம்பளம் கழுவறதா, இல்ல இதத் தூக்கி நிறுத்திக்கிட்டே நிக்கிறதா? வஜ்தி, நீதான் வயரிங் தெரிஞ்சவனாச்சே. இதோட வாய அடைச்சு விடு."

"முதலாளி, அது விழுறதுக்குக் காரணம் இருக்கு. வயர மாத்தினா..."

"காரணமெல்லாம் ரம்ஜானுக்கு அப்புறம் கேக்கறேன். இப்ப வேலை நடக்கணும்."

ஒரு ஜாண் வயரை வெட்டினேன். சுவிட்சைச் சுற்றிக்கொண்டு கரண்ட் நேராகப் போகும்படி இணைத்தேன். நாலு நிமிட வேலை. அன்று சாயங்காலம் அபூ ஹாதிம் எல்லோருக்கும் கினாஃபா இனிப்பு வாங்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு துண்டு.

அதற்குப் பிறகு அது ஒரு தடவைகூட விழவில்லை.

மிஷினைப் பிடிப்பது ஷஹாத்தாவின் வேலை. எகிப்தில் ஸுஹாஜ் பக்கத்து ஆள். நாற்பத்துநாலு வயசு. ஊரில் மனைவியும் நாலு பிள்ளைகளும். மேல் எகிப்துக்காரன் என்றாலே மண்டையில் ஒன்றும் இருக்காது என்று ஜோக் அடிப்பது எங்கள் பக்கம் வழக்கம். சயீதி என்று கூப்பிட்டாலே போதும், சிரிப்பு வந்துவிடும். நாங்களும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே குறைவு. இன்றைக்கு 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு அவன், இவன், டேய்.

பெட்டியின் வாயை நான் அடைத்த மறுநாளே அவர் சொன்னார்.

"வஜ்தி தம்பி, கையில எறும்பு ஓடற மாதிரி இருக்கு."

எங்களோடு வேலை பார்த்த தைஸீர்தான் முந்திக்கொண்டான். "சக்கரைக் கட்டிய வச்சுக்கிட்டா மிஷின் ஓட்டற, எறும்பு வர்றதுக்கு?"

"விளையாட்டு இல்ல மச்சான். முழங்கை வரைக்கும் கூசுது."

"பொண்டாட்டி நெனப்பு வந்தா அப்படித்தான் கூசும்."

ஷஹாத்தாவும் சிரித்தார். அவர் எப்போதும் எங்களோடு சேர்ந்து சிரித்துவிடுவார். அதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு.

அவர் வெறுங்காலோடுதான் வேலை செய்வார். ரப்பர் பூட்ஸ் கேட்டார். "ஊர்ல செருப்பு போட்டிருந்தியா நீ?" என்றார் அபூ ஹாதிம். அத்தோடு அது முடிந்தது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை ஷாக் அவரை உதறும். தோள் குலுங்கும், கால் ஒரு எட்டு தாவும். உடனே தைஸீர் கூவுவான்: "சயீதி ஆட்டம் ஆரம்பிச்சுட்டான். தாளம் போடுங்கடா!"

நாங்கள் கைதட்டுவோம். கல்யாண வீட்டில் தப்கே ஆட்டத்துக்குத் தட்டுவது போல. நானும்தான்.

ஏப்ரல் பதினான்கு, செவ்வாய்க்கிழமை.

மணி 2:17. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்போதுதான் தைஸீர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "வேலை முடியற வரைக்கும், இன்னும் மூணு மணி நேரத்துக்கு வயித்துல ஈரத்துணிதான்," என்றான்.

ஷஹாத்தாவின் தோள் குலுங்கியது. கழுத்து பின்னால் வளைந்தது. மிஷின் அவரை இழுத்துக்கொண்டு வட்டமாகச் சுற்றியது.

"போடுங்கடா தாளம்!"

தட்டினோம். அவர் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. இவ்வளவு நன்றாக அவர் ஆடியதே இல்லை. தைஸீர் விசில் அடித்தான். ஆபீஸ் அறையிலிருந்து அபூ ஹாதிம் எட்டிப் பார்த்து அவரும் இரண்டு தட்டு தட்டினார்.

எவ்வளவு நேரம் தட்டினோம் என்று பின்னால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்திருக்கிறேன். இருபது விநாடி.

அவர் உதட்டோரம் நுரை வந்தது. அது சோப்பு நுரை இல்லை. நான் ஓடிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அவர் அப்படியே குப்புற விழுந்தார். சளப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அபூ ஹாதிம் வந்தார். குனிந்து, கழுத்தில் இரண்டு விரல் வைத்தார். "போயிட்டான்," என்றார்.

"ஆம்புலன்ஸ்..."

"செத்தவனுக்கு எதுக்குடா அவசரம்? ஷட்டர இறக்கு. மொதல்ல பெட்டிய சரி பண்ணு. அந்த வயரப் போட்டது உன் கைதானே? போலீஸ் வந்து பாத்தா யாரு உள்ள போவான்?"

என் கை.

தைஸீர் ஷட்டரை இறக்கினான். அபூ ஹாதிம் ஒரு பச்சைக் கம்பளத்தை இழுத்து ஷஹாத்தாவின் மேல் போட்டார். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் போனேன். ஒரு ஸ்குரூ இரண்டு தடவை தண்ணீரில் விழுந்தது. தேடி எடுத்தேன். வயரைக் கழற்றிப் பையில் போட்டேன். சுவிட்சைப் பழையபடி இணைத்து, மிஷினைப் பின்னறையில் போட்டுப் பூட்டி, கிடங்கிலிருந்த புது மிஷினைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தோம். அதற்குப் பிறகு ஓட்டையில் இருந்த துணியை எடுத்துத் தண்ணீரை வடியவிட்டோம். அபூ ஹாதிம் அந்தப் பச்சைக் கம்பளத்தை எடுத்து அடுக்கில் போட்டார். அப்புறம்தான் போன்.

கம்பளம் தூக்கும்போது மயங்கி விழுந்தான், இதயம் நின்றுபோயிருக்கும் என்று சொன்னோம். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் தொழிலாளர் துறையிலிருந்து லமீஸ் என்று ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அபூ ஹாதிம் ஆறு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிவந்து வரிசையாக அடுக்கினார். லமீஸ் டிரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். 'டக்.' விழுந்தது. எழுதிக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே பூட்ஸ் எல்லாம் திரும்பப் பெட்டிக்குள் போயிற்று. என் கால் அளவுக்கு ஒரு ஜோடியை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஷஹாத்தாவின் உடல் ஸுஹாஜுக்குப் போயிற்று.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியாதது.

ஒரு வாரம் கழித்து ஃபவ்வாஸ் என்பவரை வேலைக்குச் சேர்த்தார்கள். தர்ஆவிலிருந்து வந்த சிரியாக்காரர். மூன்று பிள்ளைக்குத் தகப்பன், பேச்சு குறைவு. ஷஹாத்தாவைப் பற்றி அவரிடம் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்று அபூ ஹாதிம் உத்தரவு.

புது மிஷின் மூன்றாம் நாள் பெல்ட் அறுந்து நின்றது. பழையதைப் பின்னறையிலிருந்து இழுத்துவந்தார்கள். சுவிட்ச் மறுபடியும் விழ ஆரம்பித்தது.

அபூ ஹாதிம் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

நான் செய்தேன். அதே ஒரு ஜாண் வயர். அதே நாலு நிமிடம். இதை எழுதும்போது என் மேலேயே எனக்குத் துப்பத் தோன்றுகிறது. ஆனால் செய்தேன்.

பெட்டியைப் பூட்டிச் சாவியை என் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை 8:10. ஷட்டரைத் தூக்கியது நான்தான். பெட்டிக்கு நேர் கீழே, தரையில், அந்த வயர் கிடந்தது. மோதிரம் போல அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. பெட்டி பூட்டியபடியே இருந்தது.

நான்தான் சரியாக முடுக்கவில்லை, ஏதோ விரிசல் வழியாக விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி மாட்டினேன்.

அதற்கு மறுநாள், பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடியில் காயப்போட்ட கம்பளங்களில் ஒன்று. ஸர்கா வெயிலில் எந்தக் கம்பளமும் மூன்று மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். அதுவும் காய்ந்திருந்தது. இரண்டு இடத்தில் மட்டும் ஈரம்.

இரண்டு பாதம்.

விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி குளிர்ச்சி. மூன்றாம் நாளும் அந்த ஈரம் காயவில்லை. கம்பளக்காரர் வீட்டுக்கு வண்டியில் கொடுத்தனுப்பினோம். அந்த வீட்டு அம்மா திருப்பி அனுப்பிவிட்டாள். "ராத்திரி முழுக்க யாரோ இது மேல நிக்கற மாதிரியே இருக்கு, எனக்கு வேண்டாம்" என்று டிரைவரிடம் சொன்னாளாம்.

ஏப்ரல் முப்பது. மணி 2:17.

"வஜ்தி, கையில எறும்பு ஓடற மாதிரி இருக்கு," என்றார் ஃபவ்வாஸ்.

அதே வார்த்தை.

பழக்க தோஷம். தைஸீர் யோசிக்காமல் இரண்டு தட்டு தட்டிவிட்டான். தட்... தட்...

நின்றுவிட்டான்.

ஷெட்டின் மறுகோடியில், சுருட்டி அடுக்கிய கம்பளங்களுக்குப் பக்கத்தில், இன்னும் ஒரு தட்டு கேட்டது.

தட்.

ஈரக்கையால் தட்டினால் எப்படிக் கேட்குமோ அப்படி.

தைஸீரின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "எதிரொலி," என்றேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. ஷட்டரைத் தாண்டி வெளியே நடந்தான். மாட்டியிருந்த சட்டையைக்கூட எடுக்கவில்லை. அடுத்த நாள் போன் பண்ணினேன். "நீயும் வெளிய வந்துரு மச்சான்," என்றான். "அவன் இன்னும் சிரிச்சுக்கிட்டே இருக்கான்." வைத்துவிட்டான்.

நான் வெளியே வரவில்லை. போனால் அந்த வயரைப் பற்றி அபூ ஹாதிம் போலீஸில் சொல்லிவிடுவார் என்ற பயம். ஜூலையில் எனக்குக் கல்யாணம் வேறு.

மே ஏழு, வியாழக்கிழமை.

காலையிலிருந்தே காற்று சரியில்லை. பன்னிரண்டு மணிக்குப் புழுதி கிளம்பியது. ஒரு மணிக்கெல்லாம் வானம் செம்பழுப்பு. எதிர்க் கடை தெரியவில்லை. மூக்கு, வாய், கண் இமை எல்லாம் மண். 1:40க்குத் தெரு முழுக்கக் கரண்ட் போயிற்று.

அபூ ஹாதிம் காலையிலேயே அம்மானுக்குப் போய்விட்டார். ஃபவ்வாஸ் ரொட்டி வாங்க வெளியே போனார். புழுதி உள்ளே வராமல் இருக்க ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டுப் போனார்.

நான் தனி.

கரண்ட் வருவதற்குள் மிஷினைச் சுவரோரம் தள்ளி வைத்துவிடலாம் என்று தோன்றியது. எனக்குப் பயம் இருந்தது. அதனால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கினேன். மெயின் சுவிட்சை இறக்கினேன். பூட்ஸ் போட்டிருக்கிறேனா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். பிளக்கை இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டேன். அது என் கண் முன்னாலேயே இருக்கட்டும் என்றுதான்.

கடிகாரம் பேட்டரியில் ஓடுவது. மணி 2:16.

கைப்பிடியைப் பிடித்தேன்.

இரும்பு குளிர்ந்திருந்தது. அவ்வளவுதான். ஒன்றும் இல்லை. எனக்கே என்மேல் சிரிப்பு வந்தது. ஒரு அடி தள்ளினேன்.

ம்ம்ம்ம்...

மோட்டார்.

குனிந்து பெல்ட்டைப் பார்த்தேன். பிளக் அங்கேயே இருந்தது. இரண்டு பித்தளைப் பின்னும் என் வயிற்றைத் தொட்டுக்கொண்டு தொங்கின.

ம்ம்ம்ம்ம்ம்ம்...

பிரஷ் சுற்ற ஆரம்பித்தது. மெதுவாக. தண்ணீர் வட்டம் போட்டது.

விரலைப் பிரிக்கப் பார்த்தேன். பிரியவில்லை.

முதலில் எறும்பு. விரல் நுனியில் ஓடும் எறும்பு. மணிக்கட்டு. முழங்கை. அவர் சொன்னபோது இது எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது யோசித்திருப்பேனா...

அப்புறம் எறும்பு இல்லை. கம்பி. எலும்புக்குள் யாரோ சூடான கம்பியை விட்டு இழுத்தார்கள். பல் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டது. கழுத்து பின்னால் வளைந்தது. தகரக் கூரை மட்டும் தெரிந்தது.

மிஷின் என்னை இழுத்துக்கொண்டு சுற்றியது.

கத்தினேன். சத்தம் வரவில்லை.

தட்.

பின்னாலிருந்து.

தட்... தட்...

ஈரக்கை.

தட்... தட்... தட்...

தப்கே தாளம்.

தலையைத் திருப்ப முடியவில்லை. மிஷின்தான் திருப்பியது. ஒரு சுற்று வரும்போது கீழே தண்ணீர் தெரிந்தது. தண்ணீருக்குள் இரண்டு கால்.

வெறுங்கால்.

கறுத்த நகம். தோல் ஊறி வெளுத்து, சுருங்கி...

அடுத்த சுற்று. கால் இன்னும் பக்கத்தில்.

அடுத்த சுற்று. இன்னும்.

தட். தட். தட். தட்.

இப்போது ஒரு ஜோடிக் கை இல்லை. இரண்டு ஜோடி.

என் காதுக்குப் பக்கத்தில் மூச்சு. சோப்பு வாசனை. அந்தக் குரல். எங்களோடு சேர்ந்து சிரிக்குமே, அதே சிரிப்பு, அதே குழைவு...

"ஆடு தம்பி."

இருட்டு.

கண் திறந்தபோது மல்லாந்து கிடந்தேன். ஃபவ்வாஸ் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தார். அழுதுகொண்டிருந்தார். மணி 2:23. கரண்ட் இன்னும் வரவில்லை. பிளக் என் பெல்ட்டிலேயே இருந்தது.

"என்ன மன்னிச்சிருங்க வஜ்தி. எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. நீங்க விளையாடறீங்கன்னு நெனச்சேன்."

"என்ன பண்ணீங்க?"

"உள்ள வந்தேன். நீங்க மிஷினப் புடிச்சுக்கிட்டு ஆடிக்கிட்டிருந்தீங்க. அவரு தாளம் போட்டுக்கிட்டிருந்தாரு. என்னப் பாத்து, நீயும் தட்டுன்னு சைகை காட்டினாரு. இங்க இப்படித்தான் விளையாடுவீங்க போலன்னு... நானும் தட்டினேன்."

"யாரு?"

"அவருதான். பச்சைக் கம்பளத்தப் போத்திக்கிட்டு நின்னாரே. கால்ல செருப்பு இல்லாம."

அவரிடம் ஷஹாத்தாவைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை. பச்சைக் கம்பளத்தைப் பற்றி எங்கள் மூன்று பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் என் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பட்டாணி அளவுக்கு ஒரு குழி. ஓரம் கருகியிருந்தது. பூட்ஸைக் கழற்றினார். இரண்டு உள்ளங்காலிலும் அதே மாதிரி குழி. பூட்ஸில் ஒரு கீறல்கூட இல்லை.

"கரண்ட் உள்ள போன எடம் இது, வெளிய வந்த எடம் இது. நல்ல ரப்பர் பூட்ஸ் போட்டிருக்க, அப்புறம் எப்படிக் கால் வழியா போச்சு? எந்த லைன்ல கை வச்ச?"

"லைன் இல்ல டாக்டர். பிளக்க புடுங்கித்தான் வச்சிருந்தேன்."

அவர் நர்ஸைப் பார்த்துச் சிரித்தார். "பிளக் இல்லாத மிஷின் ஷாக் அடிச்சதாம். எழுதிக்கங்க." நர்ஸும் சிரித்தாள்.

மூன்று நாள் கழித்து நானாகவே தொழிலாளர் துறை ஆபீஸுக்குப் போனேன். நல்லவன் என்பதால் போகவில்லை. தூங்க முடியவில்லை, அதனால் போனேன். இன்ஸ்பெக்டர் லமீஸின் மேஜையில் அந்த ஒரு ஜாண் வயரை வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேயைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பெட்டியின் வாயை அடைத்தது, பிளக், பூட்ஸ், கைதட்டியது, ஷட்டர், மிஷினை மாற்றியது, கையெழுத்து.

அவர் குறுக்கே பேசாமல் எழுதினார். ஷெட்டுக்கு அன்றே சீல் வைத்தார்கள். எனக்கு நாலு மாதம் சிறை. கல்யாணம் நின்றுபோயிற்று. அபூ ஹாதிம் அபராதம் கட்டினார். ஷஹாத்தாவின் குடும்பம் ஏற்கெனவே வழக்கு வேண்டாம் என்று சமாதானக் காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டது. அடுத்த வருஷமே அபூ ஹாதிம் அதே தெருவில், நாலு கடை தள்ளி, மகன் பெயரில் புது ஷெட் திறந்தார். இப்போதும் நன்றாக ஓடுகிறது. ஏப்ரலில் வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்கும்.

அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவர் எதையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. இரவில் நன்றாகத் தூங்குகிறார் என்று கேள்வி.

ஆனால் அன்று அந்த ஆபீஸில், நான் கிளம்பப் போகும்போது, லமீஸ் என்னை உட்காரச் சொன்னார்.

"நீங்க தானா வந்து சொன்னதால ஒண்ணு கேக்கறேன். பிரேதப் பரிசோதனை முழு அறிக்கை போன வாரம்தான் வந்தது. அதுக்குள்ள நீங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஃபைல மூடிட்டதால ஒருத்தரும் பிரிச்சுப் பாக்கல. நான் நேத்துதான் படிச்சேன்." ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "அவரு விழுந்த உடனே யாராவது அவரத் திருப்பிப் போட்டீங்களா?"

"இல்ல. செத்துட்டாருன்னு முதலாளி..."

"மின்சாரத்தால அவரு சாகல."

எனக்குப் புரியவில்லை.

"மயக்கம்தான் போட்டிருக்கு. மூச்சு இருந்திருக்கு. நுரையீரல் ரெண்டும் சோப்புத் தண்ணி. வயித்துலயும் சோப்புத் தண்ணி." அவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு கை விரல் நகத்துக்கு அடியிலயும் பச்சை நூல் இருக்கு. கம்பளத்தோட நூல். அதப் புடிச்சு இழுத்துத் தள்ளப் பாத்திருக்காரு."

நான் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். எழுத்து தெரியவில்லை.

"நீங்க எவ்வளவு நேரம் அந்தப் பெட்டிகிட்ட இருந்தீங்க?"

"இருபத்தஞ்சு நிமிஷம்," என்றேன்.

"அவரு எவ்வளவு தூரத்துல கிடந்தாரு?"

நாலடி. நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தேன்.